விடியலில் ஒலித்த அடக்கப் பாட்டு

ஆட்டையாம்பட்டி
21-10-1983

அன்புள்ள அர்த்தநாரிக்குச் சின்னம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும், கடலுக்கு நடுவே நீயும் சுகமாக இருக்கிறாய் என்று நம்ப வேண்டும். ஆனால் மாதா கோயில் திருவிழாவின் கடைசி நாள் விடியற்காலையில் கோயில் வாசலில் அத்தனை பேர் நடுவே நான் சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியத்தை முதலில் எழுதிவிட்டால்தான் அந்தச் சுகத்தையும் கூசாமல் எழுத முடியும். அது இவ்வளவுதான். உன் அப்பாவுக்குக் கண் தெரியவில்லை. இடது கண் போன வருஷமே மங்கிவிட்டது, இப்போது வலது கண்ணிலும் புகை படர்ந்த மாதிரி இருக்கிறதாம். காப்பியை டம்ளருக்கு வெளியே ஊற்றுகிறார், வாசலில் நிற்பது யார் என்று குரல் கேட்ட பிறகுதான் சிரிக்கிறார். யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார், உன்னிடம்கூட.

நடந்ததைச் சொல்கிறேன், அத்தை உனக்கு வேறு மாதிரி எழுதச் சொல்லி யாரையாவது பிடிப்பதற்குள். எப்போதும் போல நம் ரேடியோ செட்டைத்தான் கோயிலுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். கோபுரத்தின் நாலு பக்கமும் ஒலிபெருக்கிக் குழாய்களை அப்பாவேதான் ஏறிக் கட்டினார். கடைசி நாள் விடியலில், தேர் கிளம்புவதற்கு முன்னால், ஊரை எழுப்புகிற பாட்டு ஒன்று போடுவாரே, புல்லாங்குழலோடு தொடங்குவது, அது போட வேண்டிய நேரம். பெட்டியில் கையை விட்டு ரிக்கார்டை எடுத்து, உறையைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு ஊசியை வைத்தார். நாலு குழாயிலிருந்தும் அடக்கப் பாட்டு வந்தது. அங்கே உனக்கு அது எப்படியோ தெரியாது, இங்கே வேதக்காரர்கள் வீட்டில் ஒருவர் இறந்து, வீட்டிலிருந்து கல்லறைக்குக் கொண்டுபோகும்போது மட்டும்தான் அந்தப் பாட்டு குழாயில் கேட்கும். வேதத்தில் ஒரு வார்த்தை தெரியாத நம் ஆட்களுக்கும் அந்த மெட்டு தெரியும். காட்டில் மடை மாற்றிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தார்கள், தறி நின்றது, பெண்கள் தலையை முடியாமல் ஓடி வந்தார்கள். எல்லோரும் நேரே போனது வேதக்காரர்களில் படுக்கையில் கிடக்கிற சுப்பையன் வீட்டுக்கு. அவர் எழுந்து உட்கார்ந்து நீராகாரம் குடித்துக்கொண்டிருந்தாராம். கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "நானில்லீங்க, வேற ஊடு பாருங்க" என்றாராம். முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய அவருடைய மருமகள் ரோட்டிலிருந்தே மாரடித்துக்கொண்டு வந்தவள், அவர் குரலைக் கேட்டுவிட்டு அழுகையை எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் வாசலில் நின்றாள். அதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது.

பிறகு கூட்டம் கோயில் வாசலுக்குத் திரும்பி, செட்டுக்கு முன்னால் வந்து நின்று, செத்தது யார் என்று அப்பாவைக் கேட்டது. அதற்குள் அவர் ஊசியை எடுத்துவிட்டார், ஆனால் பாட்டு பாதிக்கு மேல் போய்விட்டது. இருபது வருஷத்துக்கு மேல் இந்தத் தொழிலில் ஒரு ரிக்கார்டு மாற்றிப் போட்டதில்லை என்பது அவருடைய பெருமை. "என்ற கையி தானாப் போயி எடுத்துச்சுங்க" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் கெட்டது. கண் தெரியவில்லை என்றிருந்தால் அது ஒரு தப்பு, அதோடு போயிருக்கும். கை தானாகப் போனது என்றதும் கூட்டம் ஒரு அடி பின்னால் நகர்ந்தது, நான் பார்த்தேன். அப்போதுதான் நான் பேசியிருக்க வேண்டும். கண் தெரியாதவர் கோபுரம் ஏறுகிறார் என்று தெரிந்தால் அதன் பிறகு ஒரு நோம்பி திருவிழாவுக்கும் அவரைக் கூப்பிட மாட்டார்கள், பெட்டியையும் ஆம்பிளிபயரையும் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பார், அது அவருக்குச் சாவைவிடப் பெரிது என்று நினைத்துக்கொண்டு நின்றேன். சாலம்மாள் டீச்சர் மட்டும்தான் முன்னால் வந்தார். கோயில் பள்ளிக்கூடத்தில் பாட்டும் கணக்கும் சொல்லித் தருகிறாரே, எனக்குப் புத்தகம் கொடுத்து வாங்குகிறவர், அவரேதான். "பாட்டுக்கு ஊரு பேரெல்லாம் தெரியாதுங்கண்ணா, ஊசி வச்ச எடத்துல பாடும், போயி காப்பி குடிங்க" என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். காலில் செருப்பு வார் பள்ளமாகப் பதிந்திருந்தது. என்ன இப்படி வீங்கியிருக்கிறது என்று கேட்டேன், நின்றுகொண்டே பாடம் நடத்துகிறவளுக்குக் கால் வீங்காமல் வேறென்ன வீங்கும் என்றார். இரண்டு பேரும் சிரித்தோம்.

அன்றிலிருந்து ஊர் காத்துக்கொண்டிருக்கிறது. யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் மற்றவர்கள் அந்த வீட்டை ஒரு மாதிரி பார்க்கிறார்கள், குணமானதும் அடுத்த வீட்டைப் பார்க்கிறார்கள். சுப்பையனும் தேறி எழுந்து நடக்க ஆரம்பித்ததும், மிச்சம் இருப்பது உன் அப்பாதான் என்று ஆகிவிட்டது. உன் அங்காளம்மாள் அத்தை வெண்ணந்தூரிலிருந்து வந்தவர் திரும்பிப் போகவில்லை. "நீயே மைக்குல எமனோட ஆளக் கூப்புட்டுட்ட தம்பி, இனி அவிய வராம போவாங்களா" என்று சொல்லிவிட்டுத் தானே அழுகிறார். விடியும் முன்பே எழுந்து வந்து அப்பா மூச்சு விடுகிறாரா என்று பார்க்கிறார், அவரும் தூங்காமல் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறார், நான் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமைதோறும் அப்பா குலதெய்வம் கோயிலுக்குப் போய்ப் பல்லி வாக்குக் கேட்டு நிற்கிறார். பல்லி சொல்லவே இல்லையாம், நல்லதாகவும் இல்லை, கெட்டதாகவும் இல்லை. கெட்டது சொல்லியிருந்தால்கூட வீட்டுக்கு வந்து ஒரு பரிகாரம் செய்வோம். கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கூப்பிட்டால், போகிறவனுக்குக் கண் எதற்கு என்கிறார். சோறு கால்வாசிதான் இறங்குகிறது. பகலெல்லாம் ரிக்கார்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக என்னிடம் கொடுத்து, இது என்ன, இது என்ன என்று படிக்கச் சொல்கிறார். ஆம்பிளிபயரில் எந்த ஒயர் எங்கே என்று எனக்குக் கற்றுத் தருகிறார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

இந்த நேரத்தில்தான் உன் கடிதம் வந்தது. போர்ட் பிளேரில் வேலை நேரம் போக நீயும் சின்னதாக செட்டு வைத்திருப்பதாக எழுதி, அங்கே கோயிலுக்கு ஒரு சபை, சபைக்கு ஒரு பாஷை, எதற்கு என்ன கேசட் வாங்குவது என்று கேட்டிருந்தாய். அதைப் படித்துக் காட்டியபோது அப்பா திருவிழாவுக்குப் பிறகு முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். எழுது, நான் சொல்கிறேன் என்றார். டீச்சரையும் கூப்பிட்டு அனுப்பினோம். அவர் வந்து வாசற்படியில் சற்று நின்று, பிள்ளைகளிடம் கத்திக் கத்தி மூச்சே போகிறது என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வந்தார். அதனால் கீழே வருவதில் அப்பா சொன்னது, டீச்சர் பாடிக் காட்டியது, நான் தனியாகக் கேட்டது மூன்றும் கலந்திருக்கும், நீதான் பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதலில், பழக்கதோஷத்தில் பிள்ளையார் பாட்டில் தொடங்கிவிடாதே. அப்பா முதல்முதலாகக் கோயிலுக்குச் செட்டு கட்டியபோது அதைத்தான் செய்தாராம், அப்போதிருந்த சாமியார் சிரித்துக்கொண்டே, தொடங்கினது முடியட்டும் என்றாராம். மாதா பாட்டுகள் கத்தோலிக்கக் கோயிலுக்கு மட்டும், மற்ற சபைக்காரர்கள் வாசலில் அதைப் போட்டால் முகம் சுளிப்பார்கள். தேருக்கு முன்னால் போடுவதற்குப் பெண்கள் கூட்டமாகப் பாடியதை வாங்கு, ஒற்றைக் குரல் குழாயில் மெலிந்துபோகும். சி.எஸ்.ஐ. கோயிலென்றால் ஆர்கனோடு நாலு குரலில் பாடிய ஞானப்பாட்டு கேட்பார்கள். அந்த மெட்டெல்லாம் சீமையிலிருந்து வந்தது, தமிழ் அதற்குள் இறுகிய சட்டையைப் போட்டுக்கொண்ட பிள்ளை மாதிரி நெளியும், ஆனால் நாலு குரலும் கடைசியில் ஒன்றாக வந்து நிற்கிற இடத்தில் எனக்கு ஒவ்வொரு தடவையும் கண் கலங்குகிறது, ஏனென்று தெரியவில்லை. திருநெல்வேலி, தஞ்சாவூர்ப் பக்கத்துக் கீர்த்தனைகள் வேறு வகை. வயலின், மிருதங்கத்தோடு, ராகம் பிடித்து, நம் கச்சேரி மாதிரியே இருக்கும். அதில் வயதான ஒருவர் தழுதழுத்த குரலில் பாடியதாகக் கிடைத்தால் விடாதே. இளங்குரலில் பாடியது சுத்தமாக இருக்கும், ஆனால் அது கேட்கிற பாட்டு, கிழவர் பாடியது நம் கூடவே உட்கார்ந்திருக்கிற பாட்டு. கைதட்டி, தம்புரு என்று சலங்கை கட்டிய கைப்பறையை அடித்துப் பாடும் சபைக்காரர்களுக்கு அவர்கள் கேசட்டையே கேட்டு வாங்கிப் போடு, கீச்சுச் சத்தத்தைக் குறைத்து வை, இல்லாவிட்டால் கைதட்டல் ஓட்டில் மழை பெய்கிற மாதிரி இருக்கும் என்கிறார் அப்பா. ஊர்வலத்துக்கு இரட்சணிய சேனைக்காரர்களின் பேண்டு வாசிப்பு நன்றாக எடுக்கும். அங்கே வந்து குடியேறியிருக்கிற ராஞ்சிக்காரர்களுக்கும் கரேன் ஜனங்களுக்கும் அவர்கள் பாஷையில் பதிந்தது கிடைக்கிறதா என்று அவர்கள் பெரியவர்களையே விசாரி, கிடைத்தால் எனக்கும் ஒன்று அனுப்பு, அர்த்தம் தெரியாமல் கேட்க எனக்குப் பிடிக்கும்.

தொழிலுக்கல்லாமல் உனக்காக மூன்று சொல்கிறேன். மலையாளத்துச் சிரியன் கோயில் பூசைப்பாட்டு, அவர்களுடைய பழைய பாஷையில், பூசாரி ஒரு வரி, ஜனங்கள் ஒரு வரியாக மாறி மாறி வரும். இரண்டாவது, ஐரோப்பாவில் மடத்துத் துறவிகள் லத்தீனில் ஓதுவது. மேளமில்லை, ஆர்மோனியப் பெட்டியில்லை, பல ஆண்கள் ஒரே குரலாகப் பாடுவார்கள். ஒரு கன்யாஸ்திரீ கொடுத்த கேசட்டை டீச்சர் எனக்குக் கொடுத்தார். கிணற்றுக்குள் இறங்கி நின்று மேலே பேசுகிறவர்களைக் கேட்பது மாதிரி இருக்கிறது என்று அப்பா சொன்னார், அதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியாது. அதைக் குழாயில் போட்டுவிடாதே, செத்துப்போகும், சின்ன செட்டில் தனியாகக் கேள். மூன்றாவது, அமெரிக்காவில் கறுப்பர்களின் கோயிலில் பாடுவது. ஒருத்தி ஒரு வரி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கித் திருப்பிக் கொடுப்பார்கள். முதல் தடவை கேட்டபோது நம் காட்டில் களையெடுக்கிறவர்கள் பாடுகிற மாதிரியே இருக்கிறதே என்றேன். வெயிலில் குனிந்து வேலை செய்கிறவர்களுக்கு உலகம் முழுக்க மூச்சு ஒரே அளவுதான் வசந்தா, வரி அதற்குமேல் நீளாது என்றார் டீச்சர். உனக்கு எழுதுவதற்காக அதிலே ஒன்றை நம் வீட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு பாடிக் காட்டினார், பாதி வரியில் நிறுத்திவிட்டு உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். அப்பாவுக்கு அந்தப் பாட்டு பிடித்திருந்தது. அவர் முகம் தெளிகிறதா என்றே நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடக்கப் பாட்டு ரிக்கார்டு ஒன்று வாங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். அந்த வரியைப் படிக்காமல் தாண்டப் பார்த்தேன், குரல் காட்டிக்கொடுத்துவிட்டது. வாங்காதே என்று எழுதச் சொன்னார். நான் வாங்கு என்று எழுதுகிறேன், அது இல்லாமல் ஒரு செட்டு இருக்க முடியாது, நடு ஜாமத்தில் வந்து கதவைத் தட்டுகிறவனிடம் இல்லை என்று சொல்லக்கூடாது. ஆனால் மற்றவற்றோடு கலந்து வைக்காதே. அதன் உறைமேல் சணல் கயிறு ஒன்றைச் சுற்றிக் கட்டிவிடு, கண் பார்க்காவிட்டாலும் விரலுக்குத் தெரியும். நம் பெட்டியில் இருப்பதற்கு நான் போன வாரம் கட்டிவிட்டேன். அப்பா தடவிப் பார்த்துவிட்டுப் பெட்டியில் திரும்ப வைத்தார்.

இப்போது நான் கேட்பதை நீ செய்ய வேண்டும். நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள் வருகிறது. அன்று கல்லறையில் அந்தப் பாட்டை முறைப்படி போடுவார்கள். தானே வேப்ப மரத்தில் ஏறிக் குழாய் கட்டி, தன் கையாலேயே போட்டால்தான் அது தீரும் என்று அப்பா பிடிவாதமாக இருக்கிறார். அது தாண்டினால் கிறிஸ்துமஸுக்குக் கோபுரம். நீ ஓடி வராதே. கப்பல் விட்டு இறங்கி நீ வாசலில் வந்து நின்றால், மகனையும் வரவழைத்துவிட்டார்கள் என்று அன்றே படுத்துவிடுவார். அதற்குப் பதிலாக எழுது. அப்பாவிடம் கேள்வி கேட்டு எழுது, அடிக்கடி எழுது. ரிக்கார்டு தேய்ந்தால் என்ன செய்வது, கடல் காற்றுக்குக் குழாய் துருப்பிடித்தால் என்ன பூசுவது என்று எதையாவது கேள். பதில் சொல்ல வேண்டியது மிச்சமிருக்கும்வரை அவர் எங்கும் போக மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. இன்னொன்றும் எழுது. பொங்கலுக்குப் பிறகு செட்டைச் சரிபார்க்க அப்பா அங்கே வர வேண்டும், கப்பலில் ஏறுகிறவர்களுக்குக் கண் சரியாக இருக்கிறது என்று டாக்டர் எழுதித் தர வேண்டுமாம் என்று. பொய்தான். உன்னைப் பொய் சொல்லச் சொல்கிற முதல் தடவை இது. என்னுடைய பேச்சுக்குப் போக மாட்டார், உன்னைப் பார்க்க வேண்டுமென்றால் போவார்.

உனக்கும் எனக்கும் வயதில் பெரிய தூரமில்லை. உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு நான் இந்த வீட்டுக்கு வந்தபோது நீ என்னைக் கூப்பிட ஒரு பெயர் தெரியாமல் பல நாள் வாங்க போங்க என்று சுவரைப் பார்த்துப் பேசினாய். அதைச் சொல்லிக்காட்டவில்லை, அன்றைக்குப் பெயரில்லாமல் இருந்தபோதும் நான் சொன்னதை நீ கேட்டாய் என்பதற்காகச் சொல்கிறேன், இப்போதும் கேள். மழையில் நனைந்த ஒயரைத் தொடாதே, செருப்பில்லாமல் செட்டில் கை வைக்காதே. கடல் மீன் உன் உடம்புக்குச் சேரவில்லை என்றால் யார் முகத்துக்காகவும் தின்னாதே. நம் குலதெய்வம் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும், டீச்சரும் தன் ஜெபத்தில் உன் பெயரைச் சொல்வதாகச் சொல்லச் சொன்னார், இரண்டும் இருக்கட்டும். அப்பாவின் ஆசீர்வாதம், அத்தையின் ஆசீர்வாதம். கேள்வி கேட்டு எழுத மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உன் நினைவாகவே இருக்கும் சின்னம்மா,
வசந்தாமணி

9-11-1983

அர்த்தநாரி, உன் முகவரியை ஒரு தரம் சரிபார்த்து ஒட்டலாம் என்று வைத்தேன், பிறகு கல்லறைத் திருநாள் தாண்டட்டும், நல்லபடியாக முடிந்தது என்று ஒரு வரி சேர்த்து அனுப்பலாம் என்று வைத்தேன். அது நல்லபடியாகத்தான் முடிந்தது. அப்பா மரம் ஏறினார், இறங்கினார். பாட்டைப் போட்டார், ஊரே கல்லறைச் சுவருக்கு வெளியே நின்று அவரையே பார்த்தது, ஒன்றும் ஆகவில்லை. அத்தை தேங்காய் உடைத்தார்.

திங்கட்கிழமை காலையில் சாலம்மாள் டீச்சர் வகுப்பில் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தவர், பாதி வரியில் நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த வரிக்காகப் பிள்ளைகள் காத்துக்கொண்டிருந்தார்களாம். இதயம் பல வருஷமாகவே கெட்டிருந்திருக்கும், கால் வீக்கத்திலும் மூச்சு வாங்குவதிலும் தெரிந்திருக்குமே, ஒருவரும் கவனிக்கவில்லையா என்று டாக்டர் கேட்டார். நாங்கள் எல்லோரும் அப்பாவைக் கவனித்துக்கொண்டிருந்தோம்.

டீச்சரின் அடக்கத்துக்கு அப்பாதான் செட்டு கட்டினார். பெட்டிக்குள் கையை விட்டு, சணல் கயிற்றைத் தடவி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோகாமலேயே அந்த ரிக்கார்டை எடுத்தார். அடக்கம் முடிந்து வந்து குளித்துவிட்டு உட்கார்ந்தவர், நாளைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று தானாகவே சொன்னார். மறுநாளே போனோம். ஆபரேஷன் செய்தால் தெரியும் என்கிறார்கள், அடுத்த வாரம் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நீ அந்தப் பொய்யை எழுத வேண்டாம்.

அடக்கம் நடந்த அன்று சாயங்காலம் திருவிழாவுக்குப் பிறகு முதல் முறையாக உன் அப்பா வயிறாரச் சாப்பிட்டார். இரண்டாம் தரமும் சோறு கேட்டார். நான் போட்டேன்.